பரண் மேல் கிடக்கும் வால்வு செட்டைக் கம்ப்யூட்டருடன் இணைக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கூடவே வந்த குட்டி ஸ்பீக்கர்களில் பாட்டு கேட்டால், தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல் இருக்கும். அப்போதுதான் தாத்தா காலத்து ரேடியோவோ, திருவிழாவுக்கு வாடகைக்குப் போய்வந்த மைக் செட் ஆம்ப்ளிஃபயரோ பரண் மேல் கிடப்பது நினைவுக்கு வரும். "அதில் வால்வு இருக்கிறது, சத்தம் கணீரென்று இருக்கும். ஒரு வயரைக் கொடுத்து இணைத்துவிட்டால் என்ன?" என்று தோன்றும்.

எனக்கும் தோன்றியது. சித்தப்பா வீட்டு ஐந்து வால்வு ரேடியோவைத் துடைத்து வைத்து, கம்ப்யூட்டரின் பச்சை நிற சாக்கெட்டிலிருந்து அதற்கு ஒரு கேபிளும் தயார் செய்துவிட்டேன். கேபிளைச் செருகப் போன நேரத்தில், வீட்டில் வேறு வேலையாக வந்திருந்த வயர்மேன் தன் டெஸ்டரை எடுத்து ரேடியோவின் உலோகச் சேசிஸில் வைத்தார். டெஸ்டரின் நியான் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சேசிஸ் முழுவதும் 230 வோல்ட்! அவர் தடுக்காமல் இருந்திருந்தால் கம்ப்யூட்டர் போயிருக்கும். அல்லது நான் போயிருப்பேன்.

எல்லா வால்வு செட்டும் இப்படி அல்ல. பாதுகாப்பாக இணைக்கக் கூடியவையும் ஏராளமாக இருக்கின்றன. எது எந்த வகை என்பதை வால்வின் மேல் அச்சடித்திருக்கும் முதல் எழுத்தே பெரும்பாலும் சொல்லிவிடும். புது வால்வு வாங்கும்போது எதை வாங்குவது என்பதையும் அதே எழுத்துகள்தான் சொல்கின்றன. அவற்றைப் படிப்பது எப்படி, வால்வை மாற்றுவது எப்படி, கம்ப்யூட்டரை இணைப்பது எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

வால்வு என்பது என்ன?

நம் கொங்குப் பக்கத்தில் கிணற்று மோட்டார் தெரியாதவர் இருக்க முடியாது. குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு, தண்ணீரை மேலே மட்டும் விடும், கீழே திரும்ப விடாது. 1904-ல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் உருவாக்கிய கண்ணாடிக் குமிழும் அதே வேலையைத்தான் மின்சாரத்துக்குச் செய்தது. மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே போகும். அதனால்தான் வால்வு என்ற பெயர்.

உள்ளே நடப்பது இதுதான். ஹீட்டர் என்ற மெல்லிய இழை சூடாகி, கேத்தோடு என்ற குழலைச் சூடாக்குகிறது. சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. எதிரே 250 வோல்ட் அல்லது அதற்கும் மேல் கொடுக்கப்பட்ட பிளேட் அவற்றை இழுத்துக்கொள்கிறது. 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் கிரிட் என்ற கம்பி வலையை வைத்தார். வாய்க்கால் மடையில் பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் வயலுக்குப் போகும் தண்ணீர் பெரிய அளவில் மாறுகிறது அல்லவா? அதுபோல கிரிட்டில் சிறிய மின்னழுத்தம் மாறினால் பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டம் பெரிதாக மாறும். ஒலியைப் பெருக்குவது இப்படித்தான்.

கம்ப்யூட்டருக்கும் வால்வுக்கும் பழைய உறவு உண்டு. 1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1960-ல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கம்ப்யூட்டரில் சுமார் 2,700 வால்வுகள். அந்த வேலையைப் பிறகு டிரான்சிஸ்டரும் அதன் பிறகு சிப்பும் எடுத்துக்கொண்டன. ஆனாலும் 2002-ல் ஏஓபன் நிறுவனம் பெண்டியம் 4 பிராசசருக்கான ஒரு மதர்போர்டில், பாட்டுக்காகவே ரஷ்யாவில் தயாரான ஒரு 6922 வால்வைப் பொருத்தி விற்றது!

கோவையும் ஐந்து வால்வு ரேடியோவும்

சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. அப்போது ரேடியோ பெட்டி பணக்கார வீட்டுப் பொருள். 1941-ல் கோவையின் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார்.

அந்த ஐந்து வால்வுகளும் என்ன செய்கின்றன? முதல் வால்வு, ஏரியலில் வரும் அலையை ரேடியோவுக்கு ஏற்ற ஒரே அலைவரிசைக்கு மாற்றுகிறது. இரண்டாவது அதைப் பெருக்குகிறது. மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரித்து எடுத்துச் சற்றே பெருக்குகிறது. நான்காவது ஸ்பீக்கரை ஓட்டுகிறது. ஐந்தாவது ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக மாற்றுகிறது. கம்ப்யூட்டர் பாட்டுக்குத் தேவைப்படுபவை கடைசி மூன்றும்தான்.

1954-ல் தொடங்கப்பட்ட பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-லிருந்து ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. பெல் என்ற முத்திரையுடன் இன்றும் பழைய செட்டுகளில் நீங்கள் பார்ப்பவை அவைதான். அந்தத் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. இன்று உலகில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் வால்வுகள் முக்கியமாக ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது உலகம் முழுவதும் வால்வுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆகவே கையில் இருக்கும் நல்ல வால்வைக் காரணமில்லாமல் தூக்கிப் போடாதீர்கள்.

வால்வின் பெயரைப் படிப்பது எப்படி?

ஐரோப்பிய முறைப் பெயரில் சில எழுத்துகளும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்களும் இருக்கும். நம் நாட்டு செட்டுகளில் அதிகம் காணப்படுவது இந்த முறைதான்.

முதல் எழுத்து ஹீட்டரைப் பற்றியது.

* இ என்றால் 6.3 வோல்ட்.
* ஜி என்றால் 5 வோல்ட். ரெக்டிஃபயர் வால்வுகளில் வரும்.
* டி என்றால் 1.4 வோல்ட். பேட்டரி ரேடியோக்களுக்கு உரியது.
* பி என்றால் 300 மில்லி ஆம்பியர். டி.வி. செட்டுகளுக்கு உரியது.
* யு என்றால் 100 மில்லி ஆம்பியர். இதைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த எழுத்துகள் உள்ளே இருப்பதைச் சொல்கின்றன. சி என்றால் டிரையோடு, எஃப் என்றால் பென்டோடு, எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு, ஒய், இசட் இரண்டும் ரெக்டிஃபயர், எம் என்றால் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ.

முதல் இலக்கம் அடிப்பாகத்தின் வகையைக் காட்டும். 8 என்றால் கண்ணாடியிலிருந்தே 9 பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் நோவல். 3 என்றால் கறுப்பு நிற அடிப்பாகமும் 8 பின்களும் கொண்ட ஆக்டல்.

இப்போது இசிசி 83 என்பதைப் படித்துப் பாருங்கள். 6.3 வோல்ட் ஹீட்டர், உள்ளே இரண்டு டிரையோடு, நோவல் அடிப்பாகம். இஎல் 84 என்றால் 6.3 வோல்ட், அவுட்புட் வால்வு, நோவல். இஎல் 34 என்றால் அதே 6.3 வோல்ட் அவுட்புட் வால்வு, ஆக்டல். இதற்கு மேல் புத்தகம் தேவையில்லை!

அமெரிக்கப் பெயர்கள் எண்ணில் தொடங்கும். அந்த எண் ஏறத்தாழ ஹீட்டர் வோல்ட்டேஜ். ஒரே வால்வுக்கு இரண்டு பெயரும் இருக்கலாம். இசிசி 83-ம் 12ஏஎக்ஸ்7-ம் ஒன்று. இஎல் 84-ம் 6பிகியூ5-ம் ஒன்று. இஇசட் 81-ம் 6சிஏ4-ம் ஒன்று. கடையில் ஒரு பெயர் இல்லை என்றால் இன்னொரு பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

'யு' இருந்தால் நிறுத்துங்கள்!

ஒரே மாதிரி ஐந்து வால்வு ரேடியோக்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இசிஎச் 81, இஎஃப் 89, இஏபிசி 80, இஎல் 84, இஇசட் 80 இருக்கின்றன. மற்றொன்றில் யுசிஎச் 81, யுஎஃப் 89, யுஏபிசி 80, யுஎல் 84, யுஒய் 85 இருக்கின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

'இ' வரிசை செட்டில் பொதுவாக ஒரு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது வீட்டு மின்சாரத்தையும் செட்டின் சேசிஸையும் தனித்தனியே பிரித்து வைக்கும்.

'யு' வரிசை செட், ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. அதில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கோயில் திருவிழாவில் தொங்கவிடும் பழைய சீரியல் பல்பு போல, ஐந்து ஹீட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு நேரடியாக மெயின்ஸில் இணைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன ஐந்து வால்வுகளுக்கும் முறையே 19, 12.6, 28.5, 45, 38 வோல்ட் வேண்டும். கூட்டினால் 143 வோல்ட் வரும். மீதியை ஒரு பெரிய ரெசிஸ்டர் சூடாக்கி வீணாக்கும். ஒரு வால்வின் ஹீட்டர் அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும்.

ஆபத்து எங்கே? மெயின்ஸின் ஒரு வயர் சேசிஸிலேயே இணைந்திருக்கிறது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸில் ஃபேஸ் வந்துவிடும். கம்ப்யூட்டர் கேபினெட்டோ எர்த்துடன் இணைந்திருக்கிறது. ஆடியோ கேபிளின் வெளி வயரும் அதே கேபினெட்டில்தான் சேர்கிறது. இந்த இரண்டையும் கேபிளால் இணைத்தால் ஃபேஸ், கேபிள் வழியாக மதர்போர்டுக்குள் பாய்ந்து எர்த்துக்குப் போகும். மதர்போர்டு கருகும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் இன்னும் மோசம். கேபினெட், கீபோர்டு கேபிள், மானிட்டர் என எல்லா உலோகமும் 230 வோல்ட்டாகிக் காத்திருக்கும். லேப்டாப்பாக இருந்தாலும் தப்ப முடியாது.

எனவே யு வரிசை செட்டைக் கம்ப்யூட்டருடனோ, செல்ஃபோனுடனோ, வேறு எதனுடனுமோ வயரால் இணைக்காதீர்கள். அமெரிக்க வால்வுகள் என்றால் 35, 50 என்று தொடங்கும் எண்கள் இதே எச்சரிக்கைதான். 35டபிள்யூ4, 50சி5 போன்றவை இந்த வகை. அதை ரேடியோவாகவே, பின் அட்டை மூடிய நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

'இ' இருந்தாலும் சோதியுங்கள்

எழுத்து மட்டும் போதாது. சில செட்டுகளில் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது வோல்ட்டேஜை மாற்றுமே தவிர, மெயின்ஸைப் பிரிக்காது. எனவே மல்டிமீட்டரால் ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

1. செட்டின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்.
2. செட்டின் ஸ்விட்சை ஆன் நிலையில் வையுங்கள்.
3. மல்டிமீட்டரை ஓம் பகுதியில் அதிகபட்ச ரேஞ்சில் வையுங்கள்.
4. ஒரு முனையைச் சேசிஸிலும் மறு முனையைப் பிளக்கின் ஒவ்வொரு பின்னிலும் மாற்றி மாற்றி வையுங்கள். மூன்று பின் பிளக் என்றால் பெரிய எர்த் பின்னை விட்டுவிடுங்கள்.

இரண்டு பின்களுக்கும் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. பல மெகா ஓம் காட்டினால் பரவாயில்லை. அதற்குக் குறைந்தால் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் இணைக்க வேண்டாம். சோதனையில் தேறிய செட்டுக்கும் மூன்று வயர் கேபிள் போட்டு, சேசிஸை எர்த் செய்து வாங்கிவிடுங்கள்.

எந்த வால்வு கெட்டுவிட்டது?

எல்லா வால்வையும் ஒரேயடியாக மாற்றுவது பண விரயம். முதலில் இந்த அடையாளங்களைப் பாருங்கள்.

* கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி போல் மின்னும் பூச்சு பால் வெள்ளையாகிவிட்டதா? உள்ளே காற்று புகுந்துவிட்டது. வால்வு முடிந்தது.
* இ வரிசை செட்டில் ஒரு வால்வு மட்டும் சூடாகவில்லையா? அதன் ஹீட்டர் அறுந்திருக்கலாம், அல்லது சாக்கெட்டில் துருப்பிடித்திருக்கலாம்.
* செட் ஓடும்போது பென்சிலால் வால்வை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பது போல் கேட்கிறதா? அந்த வால்வின் உள்பாகங்கள் தளர்ந்துவிட்டன.
* அவுட்புட் வால்வின் பிளேட், அடுப்புக் கரி போல் சிவக்கிறதா? உடனே ஆஃப் செய்யுங்கள்.

கண்ணாடியின் உள்பக்கத்தில் லேசாக நீல ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவுட்புட் வால்வுகளில் அது இயல்பு. உள்ளே முழுவதும் ஊதாப் புகை போல் பரவினால்தான் கோளாறு.

பிளேட் சிவப்பதற்கு வால்வே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன் வால்வுக்கும் அவுட்புட் வால்வுக்கும் நடுவில் ஒரு கப்ளிங் கெபாசிடர் இருக்கிறது. பழைய காகித கெபாசிடர் கசிந்தால், அவுட்புட் வால்வின் கிரிட்டில் வரக் கூடாத பாசிட்டிவ் வோல்ட்டேஜ் வந்து வால்வு எரியும். அதைச் சரி பார்க்காமல் புது வால்வு போட்டால் அதுவும் ஒரு வாரத்தில் போய்விடும். ஆகவே "முதலில் கெபாசிடர், பிறகு வால்வு" என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

எதை வாங்குவது?

முதல் விதி: அதே எண்ணை வாங்குங்கள். பொருந்துகிறது என்பதற்காக வேறு வால்வைச் செருகாதீர்கள். இசிசி 83, இஎல் 84, இஇசட் 81 மூன்றும் 9 பின்தான். ஆனால் பின்களின் வேலை முற்றிலும் வேறு.

இரண்டாவது: ஒரே குடும்பத்தில் மாற்றலாம், விளைவு தெரிந்திருக்க வேண்டும். இசிசி 83-ன் பெருக்கும் திறன் 100. இசிசி 81-ன் திறன் 60. இசிசி 82-ன் திறன் 20-க்கும் குறைவு. பின் அமைப்பு மூன்றுக்கும் ஒன்றே. மைக் செட்டில் சத்தம் கரகரவென்று வந்தால், முன் வால்வாக இசிசி 83-க்குப் பதில் இசிசி 81 போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் இசிசி 88 என்பது பெயரில் பக்கத்து வீடு போல இருந்தாலும் ஹீட்டர் இணைப்பு வேறு. அதைப் போடக் கூடாது. ஏஓபன் மதர்போர்டில் இருந்த 6922, இந்த இசிசி 88 குடும்பம்தான்.

மூன்றாவது: இரண்டு அவுட்புட் வால்வு உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு ஜோடியாக வாங்குங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மின்னோட்டம் எடுக்க வேண்டும். மேட்சுடு பேர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

நான்காவது: பழைய சரக்கு வாங்கும்போது அச்சை மட்டும் நம்பாதீர்கள். துடைத்துவிட்டு வேறு பெயரை அச்சடிக்க முடியும். பின்களில் பலமுறை செருகிய கீறல் இருக்கிறதா, வெள்ளிப் பூச்சு அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோவையில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் விசாரியுங்கள்.

மாற்றும் முறை

மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலும் ரேடியோவிலும் வால்வுகள் சேசிஸின் மேல்பக்கம் இருக்கும். அடிப்பக்கம்தான் உயர் மின்னழுத்தம் இருக்கும் இடம். ஆஃப் செய்த பிறகும் கெபாசிடர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். புதியவர்கள் அடித் தகட்டைத் திறக்கவே வேண்டாம்.

1. பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.
2. அரை மணி நேரம் ஆற விடுங்கள்.
3. எந்த சாக்கெட்டில் எந்த வால்வு என்று பேப்பரில் படம் வரைந்துகொள்ளுங்கள். செல்ஃபோனில் ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள்.
4. நோவல் வால்வை மெல்ல அசைத்து நேராக மேலே இழுங்கள். ஆக்டல் வால்வைக் கண்ணாடியைப் பிடித்து இழுக்காதீர்கள். கறுப்பு அடிப்பாகத்தைப் பிடியுங்கள்.
5. பின்களைச் சுத்தம் செய்யுங்கள். வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்துங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்!
6. புது வால்வை நேராக அழுத்துங்கள். நோவலில் பின்களுக்கு நடுவே ஓர் அகலமான இடைவெளி இருக்கும். ஆக்டலில் நடுவில் ஒரு முகடு இருக்கும். அவை சாக்கெட்டுடன் பொருந்த வேண்டும்.
7. ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். அவுட்புட் ஜோடி மட்டும் விதிவிலக்கு.
8. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

பல வருடம் ஓடாத செட் என்றால் நேராக மெயின்ஸில் போடாமல், வயர்மேன்களிடம் இருக்கும் சீரிஸ் போர்டு வழியாக ஓட்டிப் பாருங்கள். ரேடியோவுக்கு 60 வாட் குண்டு பல்பு, மைக் செட்டுக்கு 100 வாட். பல்பு முதலில் பிரகாசமாக எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

இன்னொன்று. செட்டின் பின்னால் 200, 220, 240 என்று வோல்ட்டேஜ் மாற்றும் இடம் இருந்தால் 240-ல் வையுங்கள். 220-ல் வைத்துவிட்டு வீட்டில் 240 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 வோல்ட் போகும். வால்வின் ஆயுள் குறையும்.

பயாஸ் பற்றி

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் வரும் பயாஸ் வேறு, வால்வு பயாஸ் வேறு. பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் வால்வு எவ்வளவு மின்னோட்டம் எடுக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பதுதான் வால்வு பயாஸ்.

இஎல் 84 போட்ட ரேடியோக்களில் கேத்தோடில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். வால்வு தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். மாற்றிவிட்டால் போதும். பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்ட்டேஜ் கொடுத்திருப்பார்கள். அங்கே வால்வை மாற்றினால் பயாஸைத் திரும்ப அளந்து வைக்க வேண்டும்.

கணக்கு எளிது. 6எல்6ஜிசி வால்வு தாங்கும் சக்தி 30 வாட். அதில் 70 சதவீதம் 21 வாட். பிளேட் வோல்ட்டேஜ் 420 என்றால், 21-ஐ 420-ஆல் வகுத்தால் 50 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டக் கூடாது. அளப்பது மெக்கானிக்கின் வேலை. கணக்கைத் தெரிந்துகொண்டால் அவர் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம் அல்லவா?

கம்ப்யூட்டரை இணைப்போம்

எல்லாச் சோதனையிலும் தேறிய செட் என்றால் இனிப் பயமில்லை.

* கம்ப்யூட்டரின் பச்சை சாக்கெட்டிலிருந்து எடுத்து, செட்டில் பிக்அப், கிராம், ஆக்ஸ் என்று எழுதிய இடத்தில் கொடுங்கள். மைக் என்ற இடத்தில் கொடுத்தால் சத்தம் கரகரக்கும். மைக்கிலிருந்து வருவது சில மில்லி வோல்ட். கம்ப்யூட்டரிலிருந்து வருவது ஒரு வோல்ட் அளவு.
* செட்டில் ஒரே ஸ்பீக்கர் என்றால் இடது, வலது வயர்களை நேரடியாக முறுக்கிச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 4.7 கே ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பிறகு சேருங்கள்.
* மைக் செட்டின் பின்னால் 4, 8, 16 ஓம் என்றும் 100 வோல்ட் லைன் என்றும் முனைகள் இருக்கும். வீட்டு ஸ்பீக்கரை அதன் பின்னால் எழுதியிருக்கும் ஓமில் கொடுங்கள். 100 வோல்ட் முனை கூம்பு ஸ்பீக்கர்களுக்கு உரியது.
* "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் போடுங்கள். இரைச்சலைத் தடுக்க எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

பேஸ் கிட்டார் வாசிக்கும் மாணவர்களுக்கு

கல்லூரி இசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் பழைய மைக் செட்டைத் தேடுவதுண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயரை அதிகச் சத்தத்தில் வைத்தால் ஒலி திடீரென உடையாமல் மெதுவாகத் தடிக்கும். அதுதான் அவர்களுக்குப் பிடிக்கிறது. 1952-ல் ஃபெண்டர் நிறுவனம் பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரை பேஸ் கிட்டாருக்காகவே கொண்டுவந்தது. 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட், ஆறு அவுட்புட் வால்வு.

மேலே சொன்ன விதிகள் அத்தனையும் இவற்றுக்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்று. 6எல்6 இருந்த இடத்தில் இஎல் 34 சாக்கெட்டில் உட்காரும், ஆனால் அப்படியே போடாதீர்கள். 6எல்6ஜிசி ஹீட்டருக்கு 0.9 ஆம்பியர் போதும், இஎல் 34-க்கு 1.5 ஆம்பியர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டும், ஒன்றாம் பின்னையும் எட்டாம் பின்னையும் இணைத்திருக்க வேண்டும், பயாஸும் மாற வேண்டும். பேஸ் கிட்டாரை ரேடியோவில் கொடுத்துப் பார்க்காதீர்கள். அதன் காகித ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

கடைசியாக

சித்தப்பாவின் ரேடியோவில் இருந்தவை யு வரிசை வால்வுகள். அதைக் கம்ப்யூட்டருடன் நான் இணைக்கவே இல்லை. பிறகு இஎல் 84 ஜோடி போட்ட ஒரு சிறிய மைக் செட் கிடைத்தது. சோதித்து, எர்த் கொடுத்து, ஒரே ஓர் இசிசி 83 மட்டும் மாற்றினேன். இப்போது கம்ப்யூட்டர் பாட்டெல்லாம் அதில்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் செட்டையும் பரணிலிருந்து இறக்குங்கள். பிளக்கைச் செருகாமல், பின் அட்டையைத் திறந்து, டார்ச் அடித்து ஐந்து வால்வுகளின் முதல் எழுத்தையும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். இணைப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பேப்பரைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.